கேமரா காரணத்தைச் சொல்லாது: காலநிலையைப் படமெடுக்க விரும்பும் மாணவிக்கு ஒரு விரிவான பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பொள்ளாச்சிக்குப் போய்க் காட்சித் தொடர்பியல் படிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை எழுதி அனுப்பியிருந்தார். காலநிலையையும் சுற்றுச்சூழலையும் மட்டுமே எடுக்கும் ஒளிப்படச் செய்தியாளராக வாழ்ந்துவிட முடியுமா என்பது முதல் கேள்வி. அதற்குப் பனிப்பாறைகளையும் மழைக்காடுகளையும் தேடிப் போக வேண்டுமா, சொந்த ஊரான சித்தூர்த் தாலுகாவிலேயே தொடங்கலாமா என்பது இரண்டாவது. வெள்ளமும் நிலச்சரிவும் நடக்கும் இடத்துக்கு முதலில் ஓடிச் சேர்பவர்தான் இந்தத் தொழிலில் பெயர் எடுக்கிறாரா என்பது மூன்றாவது. நாளிதழில் நெடுங்காலம் கேமரா தூக்கியவன், அதை விட்ட பிறகும் இதே எல்லைப்பகுதியில் ஆறுகளையும் வாய்க்கால்களையும் எடுத்துக்கொண்டிருப்பவன் என்ற அளவில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வரிசை மாறி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், சித்தூர்ப்புழையின் நடுவில் இறங்கி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த சேற்றையும் அதில் பாதி புதைந்திருந்த ஒற்றைச் செருப்பையும் தாழக் குனிந்து எடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. அப்போது நான் வேலை பார்த்த இதழில், காலநிலை மாற்றத்தால் ஆறு வறண்டது என்ற பொருளில் ஒரு தலைப்பைப் போட்டு அதை முதல் பக்கத்தில் வைத்தார்கள். படக்குறிப்பு எழுதி அனுப்பியவன் நானில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் குறிப்பே அனுப்பவில்லை, அதுதான் தவறு. பத்து நாள் கழித்து ஆற்றங்கரைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஏனுங் தம்பி, நீங்க படம் புடிச்ச எடத்துல இப்ப முழங்காலுக்கு மேல தண்ணி போகுதுங்க. காலநிலை திரும்பி வந்திருச்சுங்களா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலில் நியாயம் இருந்தது. சித்தூர்ப்புழையில் கோடையில் ஓடும் தண்ணீரைத் தீர்மானிப்பது மழை மட்டும் அன்று. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் குறித்துத் தமிழ்நாடும் கேரளமும் 1970-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு தடுப்பணையில் அளந்து ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். ஆழியாற்றில் மதகு திறக்கும் நாளும் மூடும் நாளும் நம் ஊர் ஆற்றின் முகத்தையே மாற்றிவிடும். இதற்கு மேல் மணல் அள்ளியது, கரையோர ஆழ்துளைக் கிணறுகள், நெல்லிலிருந்து தென்னைக்கு மாறிய நிலம், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் தாலுகாவின் பிறவிக் குறை என்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கேரளத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மி.மீ. என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருபவருக்கு, கொழிஞ்சாம்பாறையின் பனங்காட்டுச் செம்மண்ணைப் பார்த்தால் வேறு மாநிலத்துக்குள் வந்துவிட்டோமோ என்றே தோன்றும். வெடித்த சேற்றின் படத்தில் இவற்றில் எதுவுமே தெரியாது. கேமரா விளைவைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. காலநிலையை எடுப்பவரின் தொழில் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு குறையைச் சுமந்தபடிதான் நடக்கிறது, அதை ஈடுசெய்யும் கருவி அவருடைய குறிப்பேடு.

இது நம் ஊர்ப் பத்திரிகைத் தவறு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில் எலும்பும் தோலுமாகத் தள்ளாடிய பனிக்கரடியை ஒளிப்படக்காரர்கள் பால் நிக்லனும் கிறிஸ்டினா மிட்டர்மையரும் 2017-இல் பதிவு செய்தார்கள். நேஷனல் ஜியோகிராபிக் வெளியிட்ட காணொலி, காலநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும் என்று அறிவித்தது. உலகமே பார்த்துக் கலங்கியது. அந்தக் கரடி ஏன் பட்டினி கிடந்தது, நோயா, முதுமையா, காயமா என்பது யாருக்கும் தெரியாது. மறு ஆண்டே மிட்டர்மையரும் அந்த இதழும், காலநிலையோடு அந்தக் கரடியைத் திட்டவட்டமாக முடிச்சுப் போட்டதில் எல்லை மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டனர். கடல்பனி குறைந்துவருவது உண்மை, பனிக்கரடிகளுக்கு அது ஆபத்து என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு வரி கூடுதலாக எழுதியதால், மறுப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெல்ல அவல் கிடைத்துவிட்டது.

ஆகவே குறிப்பு எழுதும்போது எதைத் துணிந்து சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதை அறிவியலாளர்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தபோது, வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் என்ற ஆய்வாளர் குழு சில வாரங்களுக்குள் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது: மனிதரால் நேர்ந்த வெப்பமயமாதல் அந்த ஒருநாள் மழையைச் சுமார் 10 சதவீதம் கனமாக்கியது. நிலச்சரிவுக்குக் காலநிலைதான் காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை; மழையின் கனத்தைப் பற்றி மட்டுமே சொன்னார்கள். சரிவின் கோணம், மண், மலைச்சரிவில் மாறிய நிலப் பயன்பாடு ஆகியவை தனிக் கணக்கு. 2018 வெள்ளத்திலும் இதே கதைதான். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் பெய்த மழை இயல்பைவிட 42 சதவீதம் அதிகம். அணைகளைத் திறந்த விதம் வெள்ளத்தைப் பெருக்கியதா என்பதில் மத்திய நீர் ஆணையம் ஒன்று சொன்னது, உயர் நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். படம் எடுத்தவர் இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சண்டை இருப்பதையாவது அறிந்திருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. பனிப்பாறைக்குப் போக வேண்டுமா என்று கேட்டீர்கள். போனவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்கரான ஜேம்ஸ் பேலாக் 2007-இல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா ஆகிய இடங்களில் பனியாறுகளுக்கு எதிரே தானியங்கிக் கேமராக்களை நட்டு, ஒரே கோணத்தில் ஆண்டுக்கணக்கில் படமெடுக்கவிட்டார். கேரி பிராஷ் பழைய ஆவணக்கூடங்களில் கிடந்த பனியாற்றுப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அவை எடுக்கப்பட்ட அதே இடத்தைத் தேடிப்போய் நின்று மறுபடி எடுத்தார். 2016-இல் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் நீருக்கடியில் படமெடுத்துக்கொண்டிருந்த பயணத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. இருவருக்கும் பொதுவானது குளிர் அன்று. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு விமானச் சீட்டு தேவையில்லை. நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளையிலேயே யானைகளையும் மான்களையும் எடுத்து, 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஓர் ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிய பத்தியை விடாமல் எழுதினார். அவரிடம் படமும் குறிப்பும் ஒரே கையிலிருந்து வந்தன. அதனால்தான் இன்றும் அவை நம்பத்தக்க ஆவணங்களாக நிற்கின்றன.

செருப்புப் படத்துக்குப் பிறகு நான் செய்துவருவது இதுதான். சித்தூர்ப்புழையின் மூலத்தரா தடுப்பணைக்குக் கீழே, வாய்க்கால் பாலம் ஒன்றின் கைப்பிடிச் சுவரில், சிமென்ட் பெயர்ந்து உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. மாதத்தில் முதல் ஞாயிறு காலை 7 மணிக்கு அந்தப் பள்ளத்தின் மேல் கேமராவை வைத்து, 35 மி.மீ. லென்ஸில், எதிர்க்கரையில் இருக்கும் இரட்டைப் பனையைப் படச்சட்டத்தின் இடது மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி ஒரு படம். அவ்வளவுதான். பிறகு குறிப்பேட்டில் எழுதுவது: தேதி, நேரம், தண்ணீர் பாலத்தூணின் எத்தனையாவது கல்வரிசையைத் தொடுகிறது, மதகு திறந்திருக்கிறதா, கடைசியாக மழை பெய்தது என்றைக்கு, இவற்றை யாரிடம் கேட்டேன். மதகைப் பற்றி அதைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் கேட்பேன், மழையைப் பற்றி எதிர்த் தோட்டத்துக் கிணற்றடியில் துணி துவைக்கும் அம்மாவிடம் கேட்பேன். அந்த அம்மாவின் நினைவு சில நேரங்களில் அரசு மழைமானியின் கணக்கோடு ஒத்துப்போகாது, இரண்டையும் எழுதிவைப்பேன். தனித்தனியாகப் பார்த்தால் அந்தப் படங்களை எவரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். வரிசையாக அடுக்கிய அன்றைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவர் இரண்டு நாள் என் வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

நம் பகுதியில் எடுக்க மிகக் கடினமான பொருள் வெப்பம். 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டி வெயில் அடித்தது, வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. மழைக்குப் பெயர்போன கேரளத்தில் இது சின்ன செய்தி அன்று. ஆனால் வெப்பத்துக்கு உருவம் கிடையாது. பலர் எடுப்பது குடை பிடித்த பெண்கள், கானல் நீர் ஆடும் நெடுஞ்சாலை, தர்பூசணிக் கடை. கடைசியில் சொன்னது கோடை விடுமுறைச் சுற்றுலாப் படமாகவே இருக்கும். வெப்பம் தெரிவது மனிதர் நேரத்தை மாற்றிக்கொள்ளும் விதத்தில். திறந்தவெளி வேலைக்காரர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு தர வேண்டும் என்று கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் உத்தரவிடுகிறது. அந்த மூன்று மணி நேரம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? ஒருமுறை களத்துமேட்டு ஓரத்தில், டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் ஐந்து பெண்கள் நெருக்கியடித்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். நிழல் நகர நகர அவர்களும் தூக்கத்திலேயே நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலைமாட்டில் ஐந்து பிளாஸ்டிக் பாட்டில்கள்; ஈரத்துணி சுற்றியது ஒன்று மட்டுமே. அனுமதி கேட்டு, அரை மணிக்கு ஒன்றாக நான்கு படங்கள் எடுத்தேன். நிழலின் விளிம்பும் பெண்களும் சேர்ந்து நகர்வது நான்கையும் அடுத்தடுத்து வைத்தால்தான் தெரியும். வெப்பத்தைக் காட்டியதாக எனக்கே மனம் ஒப்பிய ஒரே முயற்சி அது.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பேரிடருக்கு முதலில் ஓடிச் சேர்வதால் பெயர் கிடைக்கும் என்பதை மறுக்கவில்லை. செய்திக்கு அது தேவையும்கூட. ஆனால் 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்கள் 70 பேர், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மறுநாள் மாலையே கரிப்பூர் விமான நிலையத்தில் விமானம் ஓடுபாதையிலிருந்து சரிந்து உடைந்தது, கேமராக்கள் மலையிறங்கி அங்கே திரும்பின. முதலில் சேர்பவர் முதலில் கிளம்புபவராகவும் இருப்பார். ஒற்றை அறையும் ஒரு சமையலறையுமாக லயங்களில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் ஏன் அந்தச் சரிவின் அடியில் வாழ நேர்ந்தது என்ற கேள்வி, சேற்றில் உடல் தேடும் படத்தில் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கயத்தாற்றிலும் மூணாற்றிலும் போய் நின்றவருக்கே அது கிடைக்கும்.

துயரத்தில் இருப்பவரை எடுப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆலைக்கழிவுப் பாதரசத்தால் ஊரே நோயுற்ற ஜப்பானின் மினமாட்டாவில், அமெரிக்க ஒளிப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி ஐலீனும் 1971 முதல் மூன்றாண்டுகள் குடியிருந்து படமெடுத்தார்கள். ஸ்மித் தாக்கப்பட்டுக் கண்பார்வை கெடும் அளவுக்குக் காயமடைந்தார். நோயுற்ற மகளைத் தாய் குளிப்பாட்டும் அவருடைய படம், சூழலியல் ஒளிப்படங்களில் உலகமே அறிந்தது. மகள் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, எங்கள் குழந்தையை இனி ஓய்வெடுக்க விட வேண்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தை மதித்து, 1998-இல் ஐலீன் அந்தப் படத்தை இனி புதிதாக வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தார். அவ்வளவு புகழ்பெற்ற படத்தையே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும் என்றால், நாம் எடுத்த படத்தை வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்திடம் வாதாட நமக்கு என்ன இருக்கிறது?

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன்: இதை மட்டும் நம்பி முதல் ஐந்தாறு ஆண்டுகள் வாழ முடியாது. நாளிதழ்களில் ஒளிப்படக்காரர் பணியிடங்கள் சுருங்கிவிட்டன, காலநிலைக்கென்று தனி இடம் எங்கும் இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் கல்யாண வேலை, தொண்டு நிறுவனங்களின் ஆவணப் பணி, ஆராய்ச்சி நிலையங்களின் களப்பதிவு, கல்லூரி வகுப்பு ஆகியவற்றை வைத்தே சொந்த வேலையைக் காப்பாற்றுகிறார்கள். கல்யாண வேலையை யாராவது இழிவாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மங்கிய வெளிச்சத்தில், நெருக்கடியில், மனிதர் முகத்தை மரியாதையாக எடுக்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. நீண்ட வேலைக்குப் பணம் மானியங்களிலிருந்து வரும். இன்டர்நியூஸ் நடத்தும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க், புலிட்சர் சென்டர், நேஷனல் ஜியோகிராபிக் சொசைட்டி ஆகியவை விண்ணப்பம் கேட்கும்; பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய பாரி என்ற இணையதளம், கிராமப்புறப் பதிவுகளுக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் இடம் தருகிறது. அங்கே மதுரைக்காரரான பழனிக்குமாரின் தூய்மைப் பணியாளர், மீனவர் படங்களைப் பாருங்கள். தன் மக்களின் மொழியில் பேசி எடுப்பவருக்கு எவ்வளவு அருகில் போக முடியும் என்பது விளங்கும். முறையாகப் படிக்க நினைத்தால் காக்கநாட்டில் கேரள மீடியா அகாதமி ஒளிப்படச் செய்தித்துறையில் பட்டயப் படிப்பு நடத்துகிறது.

ஒப்பந்தங்களைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, எடுத்தவரே பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் இதழின் ஊழியராக எடுத்தால் இதழில் வெளியிடும் உரிமை அதன் உரிமையாளருக்குப் போகும். காசு கொடுத்து ஒருவர் உங்களை எடுக்கச் சொன்னால், வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, அந்தப் படமே அவருடையது. தொண்டு நிறுவன வேலை எடுப்பவர்கள் இந்தக் கடைசி விதியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு ஒளிப்படத்தின் உரிமை எடுத்தவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீள்கிறது. உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும் சொத்தைத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. இருக்கும் கேமராவே போதும். கேமரா பதிந்த மூலக் கோப்புகளை (ரா) அழிக்காமல் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் இரண்டு வீடுகளில் வையுங்கள், எந்திரம் வரைந்த படங்கள் பெருகிவிட்ட காலத்தில் உங்கள் படம் உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட டப்பா இல்லாமல் தூங்காதீர்கள். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியில்லாமலும், அணைகளுக்கு அருகே ட்ரோனோடும் போகாதீர்கள்.

கடைசியாக, சித்தூரில் பிறந்ததைக் குறையாக நினைத்து எழுதியிருந்தீர்கள். நம் தாலுகாவின் பிளாச்சிமடையில் 2000-இல் குளிர்பான ஆலை வந்து, நிலத்தடி நீர் கெட்டதாக 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கி, 2004 மார்ச்சில் ஆலை நிற்கும்வரை அங்கே வராத கேமரா இல்லை. பெரும்பாலானவை காலிக் குடங்களையும் ஆலைச் சுவரையும் எடுத்துக்கொண்டு போயின. போராட்டத்தில் முன்னின்ற மயிலம்மா இரவாளர் பழங்குடிப் பெண். அந்தக் குடியிருப்புகளில் பேசுவது தமிழுக்கு மிக நெருங்கிய பேச்சு. இந்தத் தண்ணீரில் சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரிக்கிறது என்று அந்தப் பெண்கள் தங்கள் பேச்சில் சொன்னதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க உங்களைப் போன்ற ஒருவரால் முடியும். மணக்கடவில் தமிழில் கேட்டு, மூலத்தராவில் மலையாளத்தில் கேட்டு, இரண்டு பதில்களையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளவும் உங்களால் முடியும். டெல்லியிலிருந்து வருபவருக்கு இதற்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் வேண்டும்.

தொலைபேசியில் கிண்டல் செய்த தோப்புக்காரரை அப்புறம் நேரில் போய்ப் பார்த்தேன். வேர்வாடலிலும் வறட்சியிலும் தலை சாய்ந்த அவருடைய தென்னைகளை எடுத்து, அடுத்த மாதம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படத்தை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார். "பின்னாடி தேதியும் எத்தனை மரம்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க தம்பி. கிருஷி பவன்ல காட்டோணும்" என்றார். கிருஷி பவன் என்பது கேரள அரசின் வேளாண் அலுவலகம். மரங்களை மறுபடி எண்ணிவிட்டு, 43 என்று எழுதிக் கொடுத்தேன்.